ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து நாற்காலி

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் கிரெடிட் கொடுப்பார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் சட்டக் கல்லூரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டேன். வீட்டில் எனக்குப் பெயர் ரேடியோ. சித்தி வைத்தது. பள்ளிக்கூடத்தில் நான் எதிர்த்துப் பேசிப் பேசி ஒரு டீச்சரை அழவைத்துவிட்டு வந்த அன்று, "இந்த வாய்க்கு வக்கீல் வேலைதான் லாயக்கு" என்று சொன்னதும் அவள்தான். சொன்னதோடு விடாமல் படிக்கவும் வைத்தாள்.

அம்மா கடல் தாண்டிப் போய் வேலை பார்க்கிறாள். போனில் அம்மா, நேரில் சித்தி என்று வளர்ந்தவள் நான். சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மூலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறாள். இரண்டு சுழல் நாற்காலிகள், எதிரே இரண்டு கண்ணாடிகள், காத்திருப்பவர்களுக்கு ஒரு சோபா. அந்த சோபாவில் வீட்டுப்பாடம் எழுதித்தான் நான் வளர்ந்தேன். பஸ் வரத் தாமதமானால் நிறுத்தத்தில் நிற்கிற பெண்களில் ஒருத்தி உள்ளே வந்து புருவம் திருத்திக்கொண்டு போவாள். அடுத்த மாதம் தன் அக்காவையும் கூட்டிவருவாள். சித்தியின் பாதி வியாபாரம் அந்தப் பஸ் நிறுத்தம் போட்ட பிச்சை. இரண்டு தெரு தள்ளிப் போனால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இனி கல்லூரிக் கதை. கடைசி வருஷத்தில் ஒரு பருவம் முழுவதும் ஏதாவது ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்ய வேண்டும். களப்பயிற்சி என்று பெயர். சம்பளம் கிடையாது, அதற்குப் பதில் கிரெடிட் என்கிற படிப்புப் புள்ளி. அந்தக் கிரெடிட் இல்லாமல் பட்டம் இல்லை. அலுவலகத்தில் ஒரு வக்கீல் எங்களை மேற்பார்வை பார்ப்பார், கல்லூரியில் ஒரு பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார். இரண்டு மேற்பார்வைக்கும் நடுவில் நாங்கள் வாரம் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த வாரம் என்ன கற்றுக்கொண்டோம் என்று. ஆனால் கட்சிக்காரரின் பெயரோ அவர் விவகாரமோ அதில் தலைகாட்டக் கூடாது. நடந்ததைச் சொல்லாமல் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும். மாணவர்கள் மத்தியில் இதற்கு உப்பில்லாத கட்டுரை என்று பெயர்.

என்னை எடுத்துக்கொண்ட வக்கீலை அலுவலகத்தில் மேடம் என்பார்கள். எனக்கு முன்னால் அங்கே பயிற்சிக்குப் போன மாணவர்கள் வைத்த பெயர் கமா மேடம். ஒரு கமா இடம் மாறியிருந்தால் போதும், நம்மைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கமாவால் கோர்ட்டில் என்னென்ன விபரீதம் நடக்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். வருஷா வருஷம் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வார். டீ வாங்கவும் கேஸ் கட்டுத் தூக்கவும் அனுப்ப மாட்டார். உண்மையான வேலை கொடுப்பார், நாம் செய்த வேலையை நம் பெயரைச் சொல்லியே மற்றவர்களிடம் காட்டுவார். நல்ல மனுஷி. அதுதான் என் தலைவலியே. கெட்டவராக இருந்திருந்தால் மனசாரத் திட்டிவிட்டுப் போய்த் தூங்கியிருப்பேன்.

போய்ச் சேர்ந்த முதல் நாளே ரகசியம் காப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய், யாருடைய வழக்கிலாவது சம்பந்தப்பட்டிருக்கிறாயா என்றெல்லாம் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் யார், எங்கே என்ன தொழில் செய்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அங்கே இருக்கிற வக்கீல்களிடம் அதையும் கேட்பார்களாம். மாணவர்கள் எல்லாரும் வானத்திலிருந்து நேரே குதித்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள் போல.

பயிற்சியில் ஒரு பகுதி, கட்சிக்காரர் வந்து பேசும்போது ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது. அதற்கு மேடம் எனக்கு விதிகள் சொல்லியிருந்தார். குறுக்கே பேசாதே, முகத்தில் எதையும் காட்டாதே, பாதியில் எழுந்து போகாதே. எழுந்து போனால் கட்சிக்காரருக்கு நம்பிக்கை போய்விடும். என்னைப் பற்றி அவர் எழுதித் தரும் மதிப்பீட்டில் இதற்கென்று தனி இடம் இருந்தது. ரேடியோவுக்கு இது எப்பேர்ப்பட்ட சோதனை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேறியிருந்தேன்.

ஒரு நாள் மேடத்தின் பழைய கட்சிக்காரர் ஒருவர் வந்தார். நாலைந்து கட்டடங்களுக்குச் சொந்தக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், எனக்கும் சேர்த்து வணக்கம் சொன்னார்.

"ஒரு மூலைக் கட்டடம் இருக்குல்ல மேடம், பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல. மொத்தமா ஒரு பேங்க் கேக்குது. மேல இருக்கறவங்க எல்லாம் காலி பண்றேன்னுட்டாங்க. கீழ ஒரு பார்லர் மட்டும் இருக்கு. அந்தம்மாவ கெளப்பணும்."

அது சித்தியின் பார்லர். அவருக்கு என்னைத் தெரியாது. சித்தி வாடகை கொடுப்பது அவருடைய ஏஜெண்டிடம். கட்டடக்காரரை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். உடனே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். சட்டம் படிக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் எழுந்து போகாதே என்ற விதியும் தெரியும். அவர் பேசி முடிக்கட்டும், போன கையோடு மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று நான் மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். நல்ல மாணவிகள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது.

மேடம் குத்தகைப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், நாள் தவறிப் போச்சே. குத்தகை முடியறதுக்கு முன்னாடி நீங்க எழுத்துல நோட்டீஸ் கொடுத்திருக்கணும். கொடுக்கல. அதனால அது தானா புதுப்பிச்சுக்கிச்சு, அதே வாடகைக்கு. கோர்ட்டுக்குப் போனாலும் அந்தம்மா பக்கம்தான். அவங்களா ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தா மட்டும்தான் வழி. இடம் மாத்தற செலவுக்குக் கொஞ்சம் கொடுத்துக் கேட்டுப் பாக்கலாம்."

அவ்வளவுதான். என் காதில் விழுந்துவிட்டது. சித்தி எதிலும் கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தாலே கடை அவளுடையது. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தப் பத்திரத்தை அவள் படித்திருக்கவே மாட்டாள். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் சித்திக்கு நிகர் சித்திதான்.

அவர் போன அடுத்த நொடி மேடத்திடம் சொன்னேன்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"பார்லர்னு சொன்னதும் தெரிஞ்சிடுச்சு மேடம்."

"அப்பவே ஏன் எழுந்திருக்கல?"

"நீங்கதான் எழுந்திருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

மேடம் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "என் மேலயும் தப்பு இருக்கு. சேர்க்கும்போதே உன் சொந்தபந்தத்த கேட்டிருக்கணும்," என்றார். பிறகு பேராசிரியருக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னார். அந்தக் கட்டடக்காரரை விட்டுவிடக் கூடாதா என்று நான் கேட்டேன். பல வருஷக் கட்சிக்காரரை மாணவிக்காக விட முடியாது, ஆனால் விஷயத்தை அவரிடம் மறைக்கவும் மாட்டேன் என்றார் மேடம். மறுநாளே சொன்னார். அவரும் சரி என்றாராம், அந்தப் பெண் என் காகிதத்தைத் தொடாமல் இருந்தால் போதும் என்று.

அப்படித்தான் எனக்குச் சுவர் கட்டினார்கள். சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. வக்கீல்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்த விவகாரத்தின் கட்டு பூட்டிய அலமாரிக்குப் போனது. அதைப் பற்றி யாரும் என் முன்னால் பேசக் கூடாது. நான் கூடத்தில் உட்கார்ந்தால் காதில் விழும் என்று, பின்பக்கம் ஜெராக்ஸ் மெஷின் இருந்த சின்ன அறைக்கு என் நாற்காலியை மாற்றினார்கள். ஜன்னல் கிடையாது. மெஷின் விடுகிற சூட்டுக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். கதவைச் சாத்தியே வைத்திருக்க வேண்டும். மற்ற வழக்குகளில் எனக்கு வேலை வந்துகொண்டுதான் இருந்தது. நானும் கமா போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

விலகிவிடுகிறேன் என்று பேராசிரியரிடம் போய் நின்றேன்.

"தாராளமா விலகலாம்," என்றார் அவர். அமைதியான மனுஷர், யாரையும் அவசரப்படுத்த மாட்டார். "கிரெடிட் போயிடும், பட்டம் அடுத்த வருஷம்தான். ஆனா ஒண்ணு, விலகினாலும் நீ கேட்டது கேட்டதுதான். வெளிய போயும் சொல்ல முடியாது. சொன்னது தெரிஞ்சா வக்கீலா பதிவு பண்றப்ப உன் நடத்தைக்கு நான் சான்று தர முடியாது."

"அப்ப உள்ள இருந்தாலும் ஒண்ணுதான், வெளிய போனாலும் ஒண்ணுதானா சார்?"

"உள்ள இருந்தா படிப்பாவது மிஞ்சும். நீ முறையா சொல்லிட்ட. இனி அந்த விவகாரம் எந்தப் பக்கம் போனாலும், கேசே நடந்தாலும், உன் கிரெடிட்ட யாரும் தொட முடியாது. வீட்டுல கேட்டா ஒரே ஒரு வாக்கியம் சொல்லு. நான் இதப் பத்திப் பேச முடியாது, வேற ஒரு வக்கீலப் பாருங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

மேடத்தின் கடிதம் பார்லருக்கு வந்த அன்று சித்தி ஒரு பெண்ணின் தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையுறையோடு கடிதத்தை ஆட்டினாள்.

"ஏய் ரேடியோ, இங்க பாரு! உன் ஆபீஸ் பேரு போட்டுருக்கு. பில்டிங்க பேங்குக்கு கொடுக்கப் போறாங்களாம், நான் ஒத்துக்கிட்டு எழுதித் தரணுமாம். பணமும் தராங்களாம். என்னடி இது? தரணுமா வேணாமா?"

"சித்தி, நான் இதப் பத்திப் பேச முடியாது. வேற ஒரு வக்கீலப் பாரு."

"வீட்டுல ஒரு வக்கீல வச்சுக்கிட்டு வெளிய எதுக்குப் போகணும்? சும்மா சொல்லு."

"பேச முடியாது சித்தி. வேற வக்கீலப் பாரு."

தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த பெண் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். சித்தியும் பார்த்தாள். நான் பேச முடியாது என்று சொல்லி அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"யாராச்சும் உன்ன ஏதாவது சொன்னாங்களா?"

"நான் இதப் பத்திப் பேச முடியாது."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் வீட்டிலேயே ஒளிந்து திரிந்தேன். அவள் சமையலறைக்கு வந்தால் நான் குளிக்கப் போவேன். அவள் குளிக்கப் போனால் நான் அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அவள் நேராகவும் கேட்டுப் பார்த்தாள், சுற்றி வளைத்தும் கேட்டுப் பார்த்தாள். "உன் ஃப்ரெண்டு ஒருத்திக்கு இப்படி நடந்தா நீ என்ன சொல்லுவ?" என்று கேட்டாள். வாயைக் கிளறுவதில் கைதேர்ந்தவள், நாள் முழுக்க அதுதானே அவள் தொழில். நான் அந்த ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

ஒரு நாள் என் பாடப் புத்தகத்தைக் குத்தகை பற்றிய அத்தியாயத்தில் விரித்து, சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். தானாகப் புதுப்பிக்கப்படும் குத்தகை என்று தலைப்பே இருந்தது. சித்தி கண்ணில் பட்டால் பட்டதுதான், நான் எதுவும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அவள் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் நானே ஓடிப்போய்ப் புத்தகத்தை மூடிவிட்டேன். என் வக்கீல் பதிவை நினைத்து மூடினேனா, மேடத்தின் முகத்தை நினைத்து மூடினேனா என்று இன்னும் தெரியவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். கையாலாகாத கோபம் அது, யார்மேல் காட்டுவது என்றே தெரியாமல் வந்த கோபம்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. சித்தி வேறு வக்கீலைப் பார்ப்பாள். முதலாம் ஆண்டு படிக்கிற பிள்ளைகூட அந்தப் பத்திரத்தைப் பார்த்தால் விஷயத்தைச் சொல்லிவிடும். யாரிடம் போனாலும் போதும், அவள் காப்பாற்றப்பட்டுவிடுவாள். நான் தினமும் அதையே வேண்டிக்கொண்டேன். போனாயா என்று கேட்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு ஒரு காலையில் அலுவலகத்தில் ஜெராக்ஸ் அறைக்குள் உட்கார்ந்திருந்தபோது, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் சித்தியின் குரல் கேட்டது.

"இங்கதான் எங்க பொண்ணு வேலை கத்துக்குது," என்று குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் ஏதோ சிரித்துப் பேசினார். பிறகு மேடத்தின் அறைக் கதவு திறந்து மூடும் சத்தம். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

முடியாது என்று நேரில் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். சித்தி அப்படிப்பட்டவள்தான், சண்டையை நேரில் போடுவதே அவளுக்குப் பிடிக்கும். அப்படி நினைத்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. பிறகு நேரம் ஆக ஆகச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கதவருகில் போய் நின்றேன். திறந்தால் சுவரை உடைத்ததாக ஆகும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அந்த அறையில் நடக்க இடமும் கிடையாது, மெஷினுக்கும் நாற்காலிக்கும் நடுவில் திரும்ப மட்டும்தான் முடியும்.

கதவு தானாகவே திறந்தது. குமாஸ்தா கையில் காகிதத்தோடு உள்ளே வந்தார். வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எழுத்திருந்த பக்கத்தைச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"சின்ன வக்கீலம்மா, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"எதுக்கு?"

"ஜெராக்ஸ் எடுக்கணும்."

"எடுங்களேன். நான் என்ன மெஷின் மேலயா உக்காந்திருக்கேன்?"

பாவம், நல்ல மனுஷர், என்னைப் பார்க்கவும் முடியாமல் வேறெங்கும் பார்க்கவும் முடியாமல் தவித்தார். என் கண்ணில் படக் கூடாத காகிதம் அந்த அலுவலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அதை நகல் எடுக்கிறார்கள் என்றால் கையெழுத்து விழுந்துவிட்டது என்று அர்த்தம். என் கண்ணையும் காதையும் மூட இத்தனை ஏற்பாடு செய்தவர்கள், அலுவலகத்தில் இருக்கிற ஒரே ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் கொண்டுபோய் என்னை உட்காரவைத்திருந்தார்கள்.

நான் வெளியே வந்தேன். கூடத்து பெஞ்சில் சித்தி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசேஷங்களுக்கு மட்டும் உடுத்துகிற துணியை உடுத்தியிருந்தாள். மேடம் தன் அறை வாசலில் நின்றார், அவர் முகம் சரியாக இல்லை.

"உன் மேடம் நூறு தடவ கேட்டாங்கடி," என்றாள் சித்தி எல்லாருக்கும் கேட்கும்படி. "நாங்க எதிர்ப் பக்கம், நீங்க வக்கீலப் பாத்தீங்களா, உங்க பொண்ணு இங்க இருக்காளேன்னு கையெழுத்துப் போடாதீங்க, யாராச்சும் வற்புறுத்தறாங்களான்னு. பாத்துட்டேன், யாரும் வற்புறுத்தல, நானாத்தான் போடறேன்னு எழுதியும் கொடுத்துட்டேன். போதுமா?"

என் வாயில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் இப்போது எதற்கும் ஆகாது. நான் தலையை ஆட்டினேன். சித்தி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம்வரை அந்த அறையில் உட்கார்ந்து, எந்த வழியில் அந்தக் கையெழுத்தை உடைக்கலாம் என்று யோசித்தேன். ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, மிரட்டினார்கள் என்று சொல்ல முடியாது. தெரியாமல் போட்டாள் என்றும் சொல்ல முடியாது, வக்கீலைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். மேடம் எழுதிய பத்திரத்தில் ஓட்டை தேடுவது வீண். ஆக, சித்தி பார்த்த வக்கீல்தான் மடையன் என்று முடிவு செய்தேன். மொத்தக் கோபத்தையும் அந்த முகம் தெரியாத மனுஷர்மேல் சேர்த்து வைத்துக்கொண்டு பார்லருக்குப் போனேன்.

கடையில் வேறு யாரும் இல்லை. சித்தி தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த மடையன்கிட்ட போன சித்தி?" என்று வாசலிலேயே கத்தினேன். "அவன் வக்கீலுக்குப் படிச்சானா இல்ல மாடு மேய்ச்சானா? அந்தப் பத்திரத்தப் பிரிச்சாவது பாத்தானா?"

"மெதுவா பேசு. பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குது," என்றாள். "நல்லாத்தான் படிச்சுப் பாத்தாரு. தங்கமான மனுஷன். நோட்டீஸ் கொடுக்க வேண்டிய நாள அவங்க கோட்ட விட்டுட்டாங்கம்மா, நீங்க பேசாம உக்காந்திருந்தாலே போதும், யாராலயும் உங்கள அசைக்க முடியாதுன்னாரு."

இத்தனை நாள் நான் பூட்டி வைத்திருந்த விஷயத்தை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, குப்பையை முறத்தில் தள்ளினாள்.

"அப்புறம் ஏன் போட்ட?"

"நான் மாட்டேன்னா கேஸ் வரும்ல? அந்தப் பக்கம் உன் மேடம் நிப்பாங்க. இந்தப் பக்கம் நான் நிப்பேன். நீ எங்கடி நிப்ப?"

"சித்தி..."

"வாய மூடுன்னா மூடாதவ நீ. அந்தக் கடுதாசி வந்த நாள்லேர்ந்து முடியாது முடியாதுன்னு அதையே சொல்ற. சாப்பிட மாட்டேங்கற, கண்ணப் பாக்க மாட்டேங்கற. எனக்குப் புரியாதா? அங்க உன்ன ஏதோ சொல்லி வச்சிருக்காங்க. நான் முரண்டு பிடிச்சா உன் தலையிலதான் வந்து விடியும். இத்தன வருஷம் படிச்சது கடைசி வருஷத்துல போகணுமா? கடை என்ன கடை. கத்திரிக்கோல் என் கையிலதான இருக்கு. வேற இடம் பாத்துக்கலாம்."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். என்ன நடந்தாலும் என் படிப்புக்கு ஒன்றும் ஆகாது, நான் பத்திரமாக இருக்கிறேன், நீ உன் இஷ்டப்படி செய் என்று சொல்லியிருக்கலாம். அது யாருடைய ரகசியமும் இல்லை, என்னுடைய விஷயம். அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொடுத்த வாக்கியத்துக்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் வைத்திருந்த தைரியம் இப்போதுதான் கொஞ்சம் ஆடியது. இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவள் மாதிரி, நிதானித்து நிதானித்துக் கேட்டாள்.

"நான் போடலன்னா உன்ன அங்கேர்ந்து அனுப்பிருப்பாங்கதானே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை. மேடம் ஒன்றும் சொல்ல மாட்டார், பேராசிரியரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவுக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"ஆமா சித்தி," என்றேன். "அனுப்பிருப்பாங்க."

"அதான பாத்தேன்," என்றாள். பெருமூச்சு விட்டாள், சிரித்தாள். எத்தனையோ நாளாகப் பார்க்காத சிரிப்பு. சுழல் நாற்காலியை என் பக்கம் திருப்பி, துண்டை உதறினாள். "வா, உக்காரு. முடியெல்லாம் நுனி வெடிச்சுக் கெடக்கு. நாளைக்கு இப்படியேவா ஆபீஸ் போவ?"

நான் போய் உட்கார்ந்தேன்.